ஆற்றைத் தேடிப் போன ஊர்

முதலில் புறப்பட்டது ஒரு கல். லிண்டவார்ட் ஊரின் சதுக்கத்து மூலையில், சப்பாத்துக் கடைக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் நடுவில், இடுப்பளவு உயரத்தில் நின்ற அந்தச் சாம்பல் நிறக் கல்லில் ஒரு காலத்தில் படகுகளைக் கட்டினார்கள் என்றும், கயிறு உரசி உரசி விழுந்த தழும்பு அதன் கழுத்தில் இன்னும் இருக்கிறதென்றும் ஊர்ச் சரித்திரம் சொல்லும் லம்பேர்ட் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். ஆனால் ஆறோ கண்ணுக்கு எட்டாத தூரத்தில், உயர்ந்த அணைக்கரைக்கும் அதற்கு அப்பால் வெள்ளம் ஏறுவதற்கென்றே விட்டிருந்த புல்வெளிக்கும் பின்னால் ஓடிக்கொண்டிருந்ததால், கேட்கிறவர்கள் தலையை ஆட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவார்கள். பனி விலகிய ஒரு காலையில் அந்தக் கல் பம்பைத் தாண்டி நின்றது. அடுத்த கிழமை சதுக்கத்தையே தாண்டி நின்றது. கல்லை யார் பார்க்கிறார்கள்? மெற்றில்டா மட்டும் பார்த்தாள், ஏனென்றால் மகனின் கல்லறைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது முழங்கால் நோவுக்கு அவள் சாய்ந்து நிற்பது அந்தக் கல்லில்தான்.

மெற்றில்டா குருநகர்க்காரி. ஒல்லாந்தர் கட்டிவிட்டுப் போன கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள், தன் நாட்டில் சண்டை நடந்த காலத்தில் கணவன் செபஸ்தியாம்பிள்ளையோடு அந்த ஒல்லாந்தரின் நாட்டுக்கே வந்து சேர்ந்து, மாஸ் ஆற்றின் பக்கத்து இந்த ஊரில், செங்கல் சூளைக்கு அருகே நகரசபை கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் குடியிருந்தாள். அவருக்குச் சூளையில் வேலை. மகன் நிக்சன் இங்கேயே, லிண்டவார்ட்டில் பிறந்து, அந்த ஊர்ப் பிள்ளைகளைப் போலவே சொற்களின் வாலை விழுங்கிப் பேசி, ஊர் வாத்தியக் குழுவில் தன்னைவிடப் பெரிய பித்தளைக் குழலைத் தூக்கி ஊதி, மீசை அரும்பி முடிவதற்குள் சூளை வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து செத்துப்போனான். புனித நிக்கோலாவின் கோயிலுக்குப் பின்னால், புதிதாக அடக்கம் செய்கிறவர்களுக்கென்று விட்டிருந்த பக்கத்தில் அவனை வைத்தார்கள். கறுப்புக் கல்லில் பெயரைத் தமிழிலும் வெட்டியிருந்தார்கள். வெட்டியவன் தமிழ் தெரியாதவன் என்பதால் 'க்' எழுத்தின் புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது.

கல் நடக்கிறது என்று அவள் கணவனிடம் சொன்னபோது, நகரசபைக்காரர் இடம் மாற்றியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போனார். ஆனால் கல்லுக்குப் பின்னால் சுங்க வீடு புறப்பட்டது. வாசலுக்கு மேல் தேய்ந்த சிங்கம் செதுக்கிய அந்தப் பழைய வீட்டில் ட்ரீக்கா என்ற விதவை தனியாக இருந்தாள். பாண் வாங்க நின்ற வரிசையில் அவள்தான் முதலில் அதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: முன்பெல்லாம் சமையலறை யன்னலால் பார்த்தால் மருந்துக்கடைதான் தெரியும், இப்போது வில்லோ மரங்கள் தெரிகின்றன, உருளைக்கிழங்கு தோலுரிக்க வெளிச்சம் நன்றாக இருக்கிறது. வரிசையில் நின்றவர்கள் நல்லது என்றார்கள். பேக்கரிக்காரர் பாணைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு காற்றாலை போனது, பம்பு போனது, சந்தியில் மாதா சுரூபம் வைத்திருந்த சிறு கெபி போனது, ஊருக்குப் பெயர் கொடுத்த லிண்டன் மரங்கள் நிழலையும் கூட்டிக்கொண்டு போயின. எதுவும் சத்தம் போடவில்லை, எதுவும் விரிசல் விடவில்லை. யாரும் பாராத நேரத்தில், ஆட்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது, அல்லது மழைக்குக் குடையைத் தாழ்த்திக்கொண்டு நடக்கும்போது, மேயும் மாடு தலை நிமிராமலே அடுத்த புல்லுக்குப் போவதைப் போல ஒரு கை, இரண்டு கை என்று எல்லாம் ஒரே திசையில் நகர்ந்தன, அந்தத் திசையில் ஆறு இருந்தது. விட்டுப்போன இடத்தில் குழி இல்லை. புல் வந்து மூடிக்கொண்டது, எப்போதுமே அங்கே புல்தான் இருந்ததைப் போல.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. குழாய் போடுகிறவர்கள் வளையக்கூடிய நீளக் குழாய்களைக் கொண்டுவந்து சுருட்டி வைத்துவிட்டுப் போனார்கள், வீடு போகப் போகச் சுருள் அவிழ்ந்தது. மின்சாரக்காரரும் கம்பியைத் தாராளமாகத் தொங்கவிட்டார்கள். தபாற்காரி காலையில் கிளம்பும்போதே வயலுக்கு ஏற்ற சப்பாத்துப் போட்டுக்கொண்டாள். நகரசபை கூடி, போகிறதைத் தடுப்பதில்லை, போகிறதன் முன்னால் வாகனம் நிறுத்துவதில்லை என்று முடிவெடுத்துக் கலைந்தது. வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட லம்பேர்ட் நடத்தும் நடை முன்பு சதுக்கத்தைச் சுற்றி மதுக்கடையில் முடியும். இப்போது அது உருளைக்கிழங்கு வயல்களுக்குள் நீண்டு போனது. அவர் மெல்லிய உயரமான மனிதர், கழுத்தில் ஒரு சிறிய ஒலிபெருக்கி. சேற்றில் நின்றபடி அவர் சொல்லுவார்: ஆறு ஒரு காலத்தில் கோயிற் படியைத் தொட்டுக்கொண்டு வளைந்து ஓடியது, வைன் ஏற்றிய ஓடங்களும் கல் ஏற்றிய ஓடங்களும் மணிச் சத்தம் கேட்டு இங்கே நின்று சுங்கம் கட்டின, அந்தக் காசில்தான் கோபுரம் எழும்பியது. ஆனால் அதே ஆறு தலைமுறைக்கு ஒரு தடவை உள்ளே வந்து தொட்டிலையும் மாட்டையும் தூக்கிக்கொண்டு போனது. கடைசியில் ஊரார் மண்வெட்டியோடு கூடி, வளைவை நேராக வெட்டி, ஆற்றைத் தங்கள் கையாலேயே தள்ளி வைத்தார்கள். வெட்டி முடித்த அன்று சுவாமியார் ஆசீர்வதித்தார், ஊரார் பியர் குடித்தார்கள், ஆறு திரும்பிப் பாராமல் போனது. அதற்குப் பிறகு இந்த ஊரில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லித்தான் லம்பேர்ட் முன்பெல்லாம் கதையை முடிப்பார். இப்போது அந்த வசனத்தை விட்டுவிட்டார்.

ஆற்றைப் பார்த்தவைதான் போகின்றன என்பது அவருடைய கணக்கு. அது சரியாகவும் இருந்தது. வங்கி போகவில்லை, பள்ளிக்கூடம் போகவில்லை, சூளையும் வரிசை வீடுகளும் அசையவில்லை. போகிற வீடுகளில் இருந்தவர்கள் வீட்டோடேயே போனார்கள். யாரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்கவில்லை. ஆனால் அவர்களிடம் ஒரு மாற்றம் வந்ததை மெற்றில்டா கண்டாள். ட்ரீக்கா குளிரிலும் யன்னலைத் திறந்து வைத்தாள். பேக்கரிக்காரர் பாண் அடுப்பின் மேல் கொடி கட்டி, எங்கிருந்தோ வாங்கிய மீனைப் புகையில் தொங்கவிட்டார். தண்ணீரைப் பற்றி அவர்கள் பேசும்போது, ரயில் பிந்திப்போன ஒரு உறவுக்காரரைப் பற்றிப் பேசுவதைப் போல, குரலைத் தாழ்த்தி, கதவை ஒருதரம் பார்த்துக்கொண்டு பேசினார்கள்.

கோடை முற்றிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை நடந்துகொண்டிருக்கும்போதே கோயில் புறப்பட்டது. மெழுகுதிரிச் சுடர்கூட ஆடவில்லை. சுவாமியார் கடைசி ஆசீர் கொடுத்து, சனம் கதவைத் திறந்து வெளியே வந்தபோது, படிகளுக்குக் கீழே சதுக்கம் இல்லை, சோள வயல் இருந்தது. ஆட்கள் பூசைக்குப் போட்ட நல்ல சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். கோயிலோடு அதன் பழைய சேமக்காலையும் வந்திருந்தது. பாசி பிடித்த சிலுவைகள், பெயர் அழிந்த கற்கள், எல்லாம் ஒழுங்கு குலையாமல், தாய்ப்படகின் பின்னால் வரும் வள்ளங்களைப் போலக் கோபுரத்தைத் தொடர்ந்து வயலுக்குள் வந்து நின்றன.

மெற்றில்டா அந்தச் சனத்திலிருந்து பிரிந்து பின்னோக்கி ஓடினாள். புதுப் பக்கத்துக் கல்லறைகள் போகவில்லை. நிக்சனின் கறுப்புக் கல் இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பின்னால் வந்த லம்பேர்ட் தொப்பியைக் கழற்றி, பழைய ஆட்கள் ஊருக்குள் ஆறு ஓடக் கண்டவர்கள், உன் மகன் காணாதவன், அதனால் அவன் தப்பித்தான், சந்தோஷப்படு என்றார். அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். அவளும் நன்றி சொன்னாள்.

ஆனால் இலை பழுக்கத் தொடங்கிய நாட்களில், போன மாரியில் அடக்கம் செய்த பேக்கரிக்காரரின் மனைவி போனாள். அவளும் ஊருக்குள் ஆறு ஓடக் கண்டவளல்ல. ஆனால் அவளுடைய பாட்டன்மாரின் பாட்டன்மார் சுங்க மணி அடித்தவர்கள். அவளுக்குப் பின்னால் ஆசிரியர் போனார், குதிரைக்காரர் போனார், பிறந்தவுடன் இறந்த ஒரு குழந்தையின் கைக்குட்டையளவு கல்லறையும் போனது. ஒவ்வொரு காலையும் மெற்றில்டா வரும்போது ஒரு கல் குறைந்திருந்தது. பிறகு ஒரு நாள் அந்தப் பெரிய புல்வெளியில் நிக்சனின் கல் தனியே நின்றது. லம்பேர்ட் தன் கணக்கைத் திருத்திக்கொண்டார், ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளைக் கண்டால் வேறு வழியால் போனார்.

அன்று பின்னேரம் செபஸ்தியாம்பிள்ளையும் அவளோடு வந்தார். புல்லின் நடுவே நின்ற கல்லைப் பார்த்தார்.

"இருக்கட்டும் விடு," என்றார். "அது ஆத்துக்குள்ள போய் விழப்போற கோயில். இவன் மேட்டில கிடக்கிறான். அதுதானே நல்லது."

"நல்லதுதான்," என்றாள் மெற்றில்டா. "ஆனா அவனை விட்டிட்டுப் போட்டினம்."

இருவருக்கும் நினைவில் வந்தது ஒன்றேதான். கார்னிவல் நாளில் குழலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர்வலத்தில் நின்ற பிள்ளையை, வெளியூரிலிருந்து வந்த ஒரு மனிதர் நீ எந்த ஊர் என்று கேட்டார், லிண்டவார்ட் என்றான், இல்லை, உண்மையில் எந்த ஊர் என்று அவர் திரும்பக் கேட்டார், பக்கத்தில் நின்ற ஊர்க்காரர் எல்லோரும் பதிலுக்குக் காத்திருப்பவர்களைப் போல அவனைப் பார்த்தார்கள். அவன் சிரித்துவிட்டுக் குழலை ஊதினான்.

கோயில் அணைக்கரைக்கு வந்து, ஏறி, கரையின் உச்சியில் சில நாள் களைப்பாறி நின்றது. அப்போது மூன்று கிராமங்களுக்கு அப்பாலிருந்தும் அதைப் பார்க்கலாம் என்பதால் ஆட்கள் சைக்கிளில் வந்து பார்த்தார்கள். பிறகு அது மறுபக்கம் இறங்கியது. காற்றாலையும் சுங்க வீடும் பேக்கரியும் ஏற்கெனவே அங்கே இருந்தன. மெற்றில்டா தன் ஊர் வழக்கில் தரவை என்று சொல்லும் அந்தத் தாழ்ந்த புல்வெளியில், கட்டினவர்கள் ஆதியில் எந்த ஒழுங்கில் நிறுத்தினார்களோ அந்த ஒழுங்கிலேயே எல்லாம் கூடி நின்று ஆற்றைப் பார்த்தன. படகு கட்டும் கல் தண்ணீர் ஓரத்தில் முன்னுக்கு நின்றது. மழை தொடங்கிவிட்டது. அப்படியும் அங்கே இருந்தவர்கள் மாலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

மெற்றில்டா ட்ரீக்காவிடம் போனாள். வேறு யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. ட்ரீக்கா கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஆற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அவனுக்கு யாரும் ஆற்றைக் காட்டவில்லை, அவ்வளவுதான்."

அடுத்த காலை மெற்றில்டா பால் கான் ஒன்றை எடுத்துக்கொண்டு தரவைக்குப் போனாள். ஆறு தவிட்டு நிறத்தில் வேகமாக ஓடியது. முழங்கால் நோவோடு குனிந்து கானை நிரப்பி, அணைக்கரையில் ஏறி இறங்கி, வயல்களைக் கடந்து, தனியே நின்ற கல்லின் தலைமாட்டில் ஊற்றினாள். மண் அதைச் சத்தமில்லாமல் குடித்தது. மறுநாளும் கொண்டுவந்து ஊற்றினாள். தான் செய்கிறது என்னவென்று அவளுக்குத் தெரியாமலில்லை. மாரியில் இந்த ஆறு என்ன செய்யும் என்று லம்பேர்ட் எத்தனை தடவை ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார். மேட்டில் கிடக்கிற பிள்ளையைப் பள்ளத்துக்குக் கூப்பிடுகிறோம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தாள். இருந்தும் விடியும்போது கை கானைத் தேடியது. ஊற்றும்போது அவள் செபம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து போ என்று சொல்லுவது போல, போய்ச் சேர், போய்ச் சேர் என்றுதான் சொன்னாள்.

தைமாதத்தில் ஆறு இறங்கி வரும் மலைப் பக்கம் விடாமல் மழை பெய்கிறதென்றும் ஆறு ஏறுகிறதென்றும் செய்தி வந்தது. அதிகாரிகள் ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் வந்து எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். வரிசை வீட்டுக்காரர் பைகளைக் கட்டினார்கள். செபஸ்தியாம்பிள்ளை பாஸ்போட்டுகளையும் நிக்சனின் படத்தையும் பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மனைவி வீட்டில் இல்லை.

அவள் புல்வெளியில் நின்றாள். கறுப்புக் கல் அங்கே இல்லை. அது நின்ற இடத்தில் புல் மூடி, மழைத்துளி தாங்கிக்கொண்டு இருந்தது. அவள் அணைக்கரையைப் பார்த்து நடந்தாள், பிறகு ஓடினாள், கைகளையும் ஊன்றி ஏறினாள். உச்சியில் நின்று பார்த்தபோது ஆறு தரவைக்குள் வந்துவிட்டிருந்தது. கோயிற் படியைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. சேமக்காலையில், பேக்கரிக்காரரின் மனைவிக்கும் குதிரைக்காரருக்கும் நடுவில், ஒருவரையொருவர் சற்று நெருக்கி இடம் விட்டதைப் போல இருந்த இடைவெளியில், மகனின் கல் நின்றது.

அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது சந்தோஷம். பிள்ளை சோதனையில் தேறினான் என்று கேட்ட தாயின் சந்தோஷம். அது அவளைக் கால் முதல் தலைவரை நிரப்பிற்று. அதற்குப் பிறகுதான் அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

செபஸ்தியாம்பிள்ளை வந்து அவளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டபோது அவள் கரையின் மறுபக்கத்தில் பாதி இறங்கியிருந்தாள். மீட்புப் படகுகள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன. நிக்சனோடு வாத்தியக் குழுவில் இருந்த இரண்டொரு பேர் ஏறிக்கொண்டார்கள். மற்றவர்கள் மரியாதையாகக் கையசைத்து, நாங்கள் வீட்டில்தானே இருக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ட்ரீக்கா யன்னலில் முழங்கையை ஊன்றி நின்றாள். தண்ணீர் யன்னலுக்கு வந்தபோதும் அப்படியே நின்றாள். லம்பேர்ட் கோபுரத்து மணிக்கூண்டில் ஏறியிருந்தார். அணைக்கரையில் கூடி நின்ற சனத்துக்கு அவருடைய ஒலிபெருக்கி கேட்டது. ஆறு கோயிற் படியைத் தொட்டுக்கொண்டு வளைந்து ஓடிய காலத்திலிருந்து தொடங்கி, சுங்கத்தைச் சொல்லி, வெள்ளங்களைச் சொல்லி, மண்வெட்டிகளைச் சொல்லி, கல் புறப்பட்டதையும் சொல்லி, கடைசியில் கதை அன்றைய காலைக்கு வந்து சேர்ந்ததும், இனிச் சொல்ல ஒன்றுமில்லை என்பவர் போல ஒலிபெருக்கியை நிறுத்தினார். மணி அடித்தது. மத்தியானத்துக்குள் காற்றுத் திசை காட்டும் கோபுரத்து உச்சித் தகரச் சேவல் மட்டும் தண்ணீரில் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

பக்கத்துப் பட்டணத்து விளையாட்டு மண்டபத்தில், மடிக்கும் கட்டிலில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் செபஸ்தியாம்பிள்ளை மெல்லக் கேட்டார்.

"நீ ஏதும் செய்தனியோ?"

"ஆத்தைக் காட்டினன்," என்றாள்.

அவர் நெடுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், செங்கல் சுமந்து தடித்த கைகளை. பிறகு போர்வையை இழுத்து அவள் கால்களை மூடினார்.

வெள்ளம் வடிந்தபோது தரவையில் ஒன்றுமே இல்லை. ஒரு செங்கல் இல்லை, ஒரு சிலுவை இல்லை, ஒரு மனிதரும் இல்லை. ஆறு மட்டும் முன்போல நேராக ஓடாமல், அந்த இடத்துக்கு வந்ததும் எதையோ சுற்றிப் போவது போல வளைந்து ஓடியது. அதிகாரிகள் அளந்து பார்த்துவிட்டு வரைபடத்தைத் திருத்தினார்கள். மிஞ்சியிருந்த வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வரிசை வீடுகளுக்கும் லிண்டவார்ட் என்ற பெயரையே வைத்துக்கொண்டார்கள். சனம் திரும்பி வந்து சுவரைத் துடைத்து, பாண் வாங்கப் பக்கத்து ஊருக்குப் போகப் பழகிற்று. மெற்றில்டாவும் கணவனும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றின் வளைவுக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு வந்தார்கள். அங்கே காற்றில்லாத நாளிலும் தண்ணீரின் அடியிலிருந்து தாழ்ந்த ஒரு குழலோசை வருவதாக அவளுக்குப் பட்டது, ஆனால் அவரிடம் அவள் அதைக் கேட்கவில்லை. அவரும் தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டுதான் நின்றார்.

பங்குனி பிறந்து வெயில் அடித்த ஒரு காலையில் அவள் உடுப்புக் காயப்போடப் பின்வளவுக்கு வந்தாள். வீட்டுச் சுவரின் கொளுக்கியிலிருந்து வளவின் கடைசியில் நட்ட கம்பத்துக்குக் கட்டிய கொடி எப்போதும் நடுவில் தொய்ந்து கிடக்கும். நீளக் காற்சட்டைகளின் கால்கள் புல்லில் முட்டும். இன்று அது தொய்யவில்லை. இரண்டு பக்கமும் யாரோ பிடித்து இழுப்பது போல விறைத்து நின்றது. கொளுக்கி சுவரில் கொஞ்சம் வளைந்திருந்தது. அவள் வாளியை வைத்துவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார். கொடியை ஒரு விரலால் தட்டினார். அது அதிர்ந்தது. வீட்டைப் பார்த்தார், வீட்டுக்கு அப்பால் அணைக்கரை இருந்த திசையைப் பார்த்தார். கோப்பையைக் கவனமாகப் படியில் வைத்தார்.

"அவிழ்த்து விடட்டோ?" என்று கேட்டார்.

"ஓம், அவிழுங்கோ," என்றாள் மெற்றில்டா. "பாவம், இழுபடுது."